மல்லனும் அவன் மானேஜரும்

தொழின்முறை மல்லரங்கில் மானேஜராயிருப்போரைக் கூலிக்குக் கூவுவோரென இகழ்வாருளர். நாம் அங்ஙனங் கருதேம். அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் 2000-ஆம் ஆண்டு பெருநிறைப் பிரிவில் முதன்மையெய்திய பிராக் லெஸ்னர், 2002 மார்ச்சில் தொழின்முறைப் பேரரங்கில் தோன்றியபோது தோள்வலியிற் குறைவிலர், பேச்சிற் புதியவர். வெற்றி தோல்விகள் முன்னரே வகுக்கப்படும் அவ்வரங்கிலோ, காண்போர் நெஞ்சைக் கிளறும் நாவன்மையின்றி வலிமை விலைபோகாது. பால் ஹேமன் அவர்க்கு நாவாயினார். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே ‘ராக்’ என்னும் பெருமல்லரை வென்று லெஸ்னர் பட்டம் பெற்றார். இது மானேஜரின் பேருதவியே.

ஆயினும், ஆண்டுகள் பல கழித்து 2012-இல் அரங்கிற்கு மீண்ட காலையும் அவர் ஹேமனின் நாவையே நாடினார். குரலை இரவலீதல் எளிது. மல்லனுள்ளே குரலை வளர்த்தல் அரிது. அவ்வரிய பணியைச் செய்து, தம் துணை வேண்டாதவனாய் அவனை நிறுத்தி விலகுபவரே நன்மானேஜர் என்பது நம் துணிபு.