வாட்டர் கூலிங் போட்டால் கம்ப்யூட்டர் சத்தம் அடங்குமா? வாங்கும் முன் ஒரு சின்ன கணக்கு!

ஹாலின் ஒரு மூலையில் கம்ப்யூட்டர். அண்ணன் கல்யாண வீடியோ ஒன்றை ரெண்டர் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். நான்கடி தள்ளி, பிளஸ் டூ தங்கை கணக்கு போட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டே நிமிடத்தில் பெட்டிக்குள்ளிருந்து மிக்ஸி ஓடுவது போல ஒரு சத்தம். "ராத்திரி நேரத்துல அதை நிறுத்துடா!" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல்.

பாகங்களைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ரிச்சி தெருவில் விசாரித்தாலும் நண்பர்களிடம் கேட்டாலும், "வாட்டர் கூலிங் போட்டுடுங்க, சத்தமே வராது" என்ற பதில் வரும். நல்ல ஏர் கூலரைவிட அதன் விலை பல மடங்கு. வீட்டு பட்ஜெட்டில் அந்த வித்தியாசம் ஒரு மாத மளிகைச் செலவாகக்கூட இருக்கலாம். அந்தப் பணம் உண்மையிலேயே அமைதியைத் தருமா? இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

தண்ணீர் என்ன செய்கிறது?

பிராசஸர் இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. இன்டெலின் ஐ5-12400 அதிகபட்சம் 117 வாட் வரை இழுக்கும். ஐ9-14900கே என்றால் 253 வாட். சின்ன அயர்ன் பாக்ஸ் ஒன்று பெட்டிக்குள் ஓயாமல் எரிவது போலத்தான்!

வாட்டர் கூலிங்கில் பிராசஸர் மேல் ஒரு செம்புத் தகடு உட்காரும். அதன் வழியாக ஓடும் திரவம் சூட்டை வாங்கிக்கொள்ளும். பம்ப் அந்தத் திரவத்தை ரேடியேட்டருக்குத் தள்ளும். அங்கே ஃபேன்கள் அந்தச் சூட்டைக் காற்றில் கலந்துவிடும். கார் ரேடியேட்டர் வேலை செய்யும் அதே முறை.

ஒரே அளவு காற்றைவிட தண்ணீர் சுமார் 3,500 மடங்கு அதிக வெப்பத்தைத் தாங்கும். அதனால் சூட்டை எடுத்துச் செல்வதில் அது கில்லாடி. ஆனால், எடுத்துச் செல்வது மட்டும்தான் அதன் வேலை. 250 வாட் வெப்பத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் விட்டு, ரேடியேட்டர் ஃபேனை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? 35 டிகிரியில் இருக்கும் தண்ணீர் சுமார் 7 நிமிடங்களில் 60 டிகிரியைத் தொட்டுவிடும். கடையில் விற்கும் ரெடிமேட் வாட்டர் கூலர்களில் ஒரு லிட்டர்கூட இருக்காது. ஆக, கடைசியில் சூட்டை வெளியேற்றுவது ஃபேன்தான். சத்தம் போடுவதும் அதே ஃபேன்தான்!

யூடியூபில் 70 டிகிரி, நம் வீட்டில் 85 ஏன்?

ஏர் கூலரோ வாட்டர் கூலரோ, இரண்டாலும் பிராசஸரை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறை வெப்பம்தான் தரை. மற்றதெல்லாம் அதன் மேல் கட்டும் மாடி.

ஏசி அறையில் 21 டிகிரியில் சோதனை செய்யும் ஒருவருக்கு பிராசஸர் 70 டிகிரி காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 49. அதே கம்ப்யூட்டர், அதே கூலர், அதே வேலை. மே மாதத்தில் 36 டிகிரி இருக்கும் நம் ஹாலில் வைத்தால் 36 கூட்டல் 49, அதாவது 85. கூலரிலும் தப்பில்லை, பொருத்தியவர் மேலும் தப்பில்லை. வெளியூர் வீடியோக்களைப் பார்த்து ஒப்பிடும்போது பிராசஸரின் சூட்டை மட்டும் பார்க்காதீர்கள். அறை வெப்பத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. வாட்டர் கூலிங் போட்டால் அறை குளிராது. 250 வாட் கம்ப்யூட்டர் எந்தக் கூலர் போட்டாலும் 250 வாட் சூட்டை அறைக்குள்தான் விடும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதரின் உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. கதவைச் சாத்திய அறையில் கூடுதலாக இரண்டரை பேர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

95 டிகிரி பார்த்து பயப்படலாமா?

அவசியமில்லை. ஐ9-14900கே பிராசஸருக்கு உச்ச வரம்பு 100 டிகிரி. ஏஎம்டியின் ரைசன் 9 7950எக்ஸுக்கு 95. ரைசன் 7 7800எக்ஸ்3டிக்கு 89. வரம்பைத் தொட்டதும் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். 7950எக்ஸ் கடும் வேலையில் 95 டிகிரியிலேயே ஓடும்படிதான் வடிவமைக்கப்பட்டது என்று ஏஎம்டியே சொல்லியிருக்கிறது. விரல்நகம் அளவு சில்லில் அவ்வளவு வெப்பம் குவியும்போது, மேலே எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் ஓரளவுக்கு மேல் இறக்க முடியாது. "வாட்டர் கூலிங் போட்டும் 80 காட்டுதே" என்று புலம்புபவர்களுக்கு இதுதான் பதில்.

அமைதியின் ரகசியம்: பெரிய ரேடியேட்டர், மெதுவான ஃபேன்

அப்படியென்றால் வாட்டர் கூலிங் சும்மாவா? இல்லை. அதன் உண்மையான லாபம் இடம். 360 எம்எம் ரேடியேட்டரில் மூன்று 120 எம்எம் ஃபேன்களைப் பொருத்தலாம். ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஆனால், சத்தம் சுமார் 15 டெசிபெல் இறங்கிவிடும். பாதி வேகத்தில் மூன்று ஃபேன்கள் ஓடினால், முழு வேகத்தில் ஓடும் ஒரே ஃபேனைவிட ஒன்றரை மடங்கு காற்று கிடைக்கும். சத்தமோ சுமார் 10 டெசிபெல் குறைவு. காதுக்கு அது கிட்டத்தட்ட பாதி சத்தமாகத் தெரியும்.

மறந்துவிடக் கூடாத விஷயம், ஃபேனின் வேகம் எதைப் பார்த்து மாறுகிறது என்பது. பிராசஸரின் சூடு நொடியில் 20 டிகிரி ஏறி இறங்கும். அதைப் பார்த்து ஃபேன் ஓடினால், பிரவுசரைத் திறந்தால்கூட 'உர்ர்' என்று எகிறும். சீரான சத்தத்தைவிட இப்படி ஏறி இறங்கும் சத்தம்தான் தூக்கத்தைக் கெடுக்கும். தண்ணீரின் சூடு மெதுவாகத்தான் மாறும். கூலரில் அதை அளக்கும் வசதி இருந்தால், ஃபேன் தண்ணீரின் சூட்டைப் பார்த்து ஓடும்படி செட்டிங்கை மாற்றுங்கள். அந்த வசதி இல்லையென்றால், பயாஸில் ஃபேன் வேகம் மாறுவதற்குச் சில நொடி தாமதம் கொடுங்கள்.

பொருத்தும்போது கவனிக்க...

* செம்புத் தகட்டின் மேல் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். அதோடு மாட்டினால் சூடு எகிறும்.
* ரேடியேட்டரை கேபினெட்டின் மேற்பகுதியில் வைப்பது நல்லது. குழாய்களுக்குள் இருக்கும் காற்று எப்போதும் மேலே போய்த் தேங்கும். பம்ப் எல்லாவற்றையும்விட உயரத்தில் இருந்தால் காற்று அதற்குள் புகுந்து 'களக் களக்' என்று சத்தம் வரும்.
* பம்ப் ஒரே வேகத்தில் ஓடட்டும். அதன் வேகம் ஏறி இறங்கினால் அதுவே தனிச் சத்தம்.
* குழாய்களின் வழியாக ஆண்டுகள் போகப் போகத் திரவம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பம்பும் தேயும். வாரண்டி எத்தனை ஆண்டு என்று பார்த்து வாங்குங்கள்.

பர்ஸைத் திறக்கும் முன்...

முதலில் காசு செலவில்லாத வேலைகள். எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச சாஃப்ட்வேரில் பிராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு இரண்டின் சூட்டையும் ஃபேன் வேகத்தையும் பாருங்கள். கத்துவது கிராஃபிக்ஸ் கார்டின் ஃபேன் என்றால், பிராசஸருக்கு வாட்டர் கூலர் வாங்கி ஒரு பயனும் இல்லை! அடுத்து, பெட்டியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, தூசியைத் தட்டுங்கள். பிறகு பயாஸில் பிராசஸரின் பவர் லிமிட்டைக் குறைத்துப் பாருங்கள். ஏஎம்டியில் இதற்கு 'ஈகோ மோட்' என்று பெயர். கடைசி சில சதவீத வேகத்துக்காகத்தான் பிராசஸர் மின்சாரத்தை அள்ளிக் குடிக்கிறது. மின்சாரத்தைப் பாதியாகக் குறைத்தாலும் வேகம் பாதியாகக் குறையாது. ரெண்டர் முடிய இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

இதற்குப் பிறகும் சத்தம் அடங்கவில்லை என்றால், 65 வாட் ரக பிராசஸருக்கு நல்ல ஏர் கூலரே போதும். கொஞ்சம் பெரிய பிராசஸர் என்றால் நாக்டுவா என்எச்-டி15 போன்ற பெரிய ஏர் கூலர்கள் இருக்கின்றன. அதன் உயரம் 165 எம்எம். உங்கள் கேபினெட்டில் அடங்குமா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். மணிக்கணக்கில் 200 வாட்டுக்கு மேல் இழுக்கும் பிராசஸரை வைத்து வேலை செய்பவர்களுக்குத்தான் 360 எம்எம் வாட்டர் கூலர் கொடுத்த காசுக்கு உழைக்கும்.

மற்றவர்கள் இன்று ராத்திரி பவர் லிமிட்டைக் குறைத்து ஒரு ரெண்டர் போட்டுப் பாருங்கள். தங்கை தலை நிமிராமல் கணக்கு போட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பணம் பர்ஸிலேயே இருக்கட்டும்!