கணக்கை அவனிடமும் சொல்லுங்கள்!
(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்)



"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்று பள்ளிச் சுவரில் எழுதிப் போட்டிருந்தார்கள். நாமும் படித்துவிட்டு விளையாடப் போய்விட்டோம். பதினெட்டு, இருபது வயதில் நோயைப் பற்றி யார் நினைப்பார்கள்? புற்றுநோய் என்றால் வெற்றிலை புகையிலை போட்ட தாத்தாவுக்கு வருவது என்றுதான் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் ரத்தப் புற்றுநோயும் எலும்புப் புற்றுநோயும் நம் வயதுக்காரர்களுக்கும் வருகின்றன. சீக்கிரம் கண்டுபிடித்தால் பலருக்குக் குணமாகிவிடும். சிலருக்குக் குணமாவதில்லை. அந்தச் சிலரைப் பற்றியும், அந்த வீடுகளைப் பணம் படுத்தும் பாட்டைப் பற்றியும்தான் எழுதுகிறேன். ஆண்டு மலரில் இது என்ன சோகக் கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்!

பதினெட்டு வயது ஆனால் ஓட்டுப் போடச் சொல்கிறார்கள், லைசென்ஸ் கொடுக்கிறார்கள், கல்விக் கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். ஆனால் அதே பையனுக்குப் பெரிய நோய் வந்தால் நோயின் பெயரையும் சொல்வதில்லை, ஆகிற செலவையும் சொல்வதில்லை. இதை அன்பு என்கிறார்கள் பெரியவர்கள். அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் அது சரியென்று ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை.

என் பெரியப்பா பையன் எனக்கு அண்ணன் முறை. கோபி பக்கத்தில்தான் ஊர். டிப்ளமோ இரண்டாமாண்டு படிக்கும்போது முழங்காலுக்கு மேலே வலி. கபடியில் பட்ட அடி என்று எண்ணெய்க் கட்டுப் போட்டார்கள். இரண்டு மாதம் அப்படியே போனது. ராத்திரியில் வலி தாங்காமல் எழுந்து உட்கார ஆரம்பித்த பிறகுதான் எக்ஸ்ரே, ஸ்கேன், பயாப்சி எல்லாம் எடுத்தார்கள். எலும்புப் புற்றுநோய் என்று வந்தது.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டிச் சேர்த்தார்கள். பெரியம்மாவின் நகை கூட்டுறவு பேங்குக்குப் போனது. மஞ்சள் விற்ற பணம் போனது. கறவை மாடு இரண்டும் சந்தைக்குப் போயின. ஓடிக்கொண்டிருந்த ஏலச்சீட்டை நட்டத்துக்கு எடுத்தார்கள். கடைசியில் வட்டிக்கு வாங்கினார்கள். இதெல்லாம் பில்லுக்கு. பில்லில் வராத செலவு வேறு உண்டு. கோபிக்கும் கோவைக்கும் அலைகிற பஸ், கூட இருப்பவர் சாப்பாடு, ஆஸ்பத்திரி பக்கத்தில் வாடகை ரூம், தண்ணி பாய்ச்ச ஆளில்லாமல் காய்ந்துபோன வெள்ளாமை! இத்தனைக்கும் நடுவில் அவனிடம் மட்டும், "கால்ல சீழ் கட்டியிருக்குது தம்பி, சரியாயிரும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அரசுக் காப்பீட்டு அட்டை அந்த வீட்டில் இல்லை. தகுதி இருந்தும் யாரும் எடுத்து வைக்கவில்லை. ஒரு நர்ஸ் அக்கா சொல்லித்தான் தெரிந்தது. அட்டை கைக்கு வந்த பிறகு பாரம் பாதியாகக் குறைந்தது. ஆனால் அதற்குள் போனது போனதுதான்.

ஒரு வருடம் கழித்து நோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டது. இனிக் குணமாக்க முடியாது, வேறொரு மருந்து கொடுத்தால் ஒன்றிரண்டு மாதம் கூடலாம் என்றார் டாக்டர். பெரியப்பா இரண்டு ஏக்கரா காட்டுக்கு அட்வான்ஸ் வாங்கிவிட்டார். ஸ்கேன் படம் தேடும்போது அந்த அக்ரிமெண்ட் அண்ணன் கையில் கிடைத்தது. அன்றைக்கு அவன் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்:

"ஏனுங்ப்பா, இத்தன நாளா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே. காட்ட வித்து எனக்கு ரெண்டு மாசம் வாங்க வேண்டாமுங்க. பாப்பா படிக்கட்டும். எனக்கு வலி இல்லாமப் பாத்துக்குங்க, போதும்."

காடு விற்கவில்லை. வலிக்கு மார்ஃபின் மாத்திரை கிடைத்தது. வீட்டிலேயே நாலு மாதம் இருந்தான். டிராயிங் நோட்டின் பின்பக்கத்தில் யாருக்கு எவ்வளவு கடன், எவ்வளவு கட்டியாயிற்று என்று அவனே உட்கார்ந்து எழுதினான். அவன் போன பிறகு வட்டிக்காரர் கூடுதலாகக் கேட்டபோது அந்த நோட்டைத்தான் பெரியப்பா எடுத்துக் காட்டினார். அவன் தங்கை இன்று கல்லூரியில் படிக்கிறாள்.

"சொன்னால் மனசு உடைந்துவிடுமே" என்று கேட்பீர்கள். உடையத்தான் செய்யும். அண்ணனும் ஒரு ராத்திரி முழுக்க அழுதான். ஆனால் உண்மை தெரிந்தவன் அதை வைத்து ஏதாவது செய்வான். கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ் என்ற இளைஞருக்கும் இதே எலும்புப் புற்றுநோய்தான். 1977இல், 18 வயதில், ஒரு காலை எடுத்துவிட்டார்கள். 1980இல் செயற்கைக் காலோடு 143 நாள் ஓடி 5,373 கிலோமீட்டர் கடந்து, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த வேண்டி வந்தது. 1981இல் இறந்தபோது அவருக்கு 22 வயது.

நம் நாட்டிலும் பாருங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்ததில் காலம் போய்விட்டது. அந்தத் துயரத்தை அவர் மறக்கவில்லை. 1954இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது.

குணமாகும் கட்டத்தில் வைத்தியத்தைப் பாதியில் நிறுத்தச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது பெரும் தவறு. எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று முதலில் அவனையே கேளுங்கள். பிறகு டாக்டரையும் அவனையும் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள் என்பதுதான் என் வாதம்.

நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டியவை சில:

ஒன்று: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றோடு ஈரோடு கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டும். நோய் வந்த பிறகு அலையாமல் இப்போதே எடுத்து வையுங்கள்.

இரண்டு: ரயில். புற்றுநோயாளி சிகிச்சைக்குப் போனால் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமே இல்லை. கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ஆஸ்பத்திரிச் சான்று வேண்டும். ஈரோட்டில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறி அடையாறு போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மூன்று: மருந்து. எழுதிக் கொடுத்த கம்பெனிக்குப் பதிலாக அதே மருந்து வேறு கம்பெனியில் மலிவாக உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்க்கான ஒரு மருந்து மாதம் 2,80,000 ரூபாய் விற்றது. 2012இல் இந்தியக் கம்பெனி ஒன்றுக்கு அரசு உரிமம் கொடுத்ததும் அது 8,880 ரூபாய்க்குக் கிடைத்தது!

நான்கு: கந்து வட்டி. 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். வாங்கியதற்கும் கட்டியதற்கும் எழுத்து வையுங்கள்.

கடைசியாக நம் மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். முதலாமாண்டு மாணவர்களுக்கு பஸ் பாஸ் விண்ணப்பம் கொடுக்கும் அன்றைக்கே, "உங்க வீட்டுல காப்பீட்டு அட்டை இருக்குதா?" என்று ஒரு வரி கேட்போம். இல்லாதவர்கள் பட்டியலை எடுத்து, துறைக்கு இரண்டு பேர் கூடப் போய் எடுத்துக் கொடுப்போம். இதற்கு நிதி வேண்டாம், ஒரு சனிக்கிழமை போதும். எங்கள் துறையிலிருந்து முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். இன்னும் ஒருவர் வேண்டும். யார் வருகிறீர்கள்?