கபுரில் இருப்பவர்கள் நம் வீட்டைக் காண்கிறார்களா?

மவ்த்தாகிவிட்ட முஃமின்கள் இவ்வுலகில் நாம் செய்வனவற்றை அறிகின்றனரா என்னும் கேள்வி முஸ்லிம்களிடையே புதியதன்று. ஆனால் 1980-களுக்குப் பிறகு தமிழ்நாட்டில் அது கேள்வியாக இல்லாமல் கட்சியாகிவிட்டது. அடங்கியிருப்போர் அனைத்தையும் கண்டும் கேட்டும் கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு சாரார் மேடை போட்டுச் சொல்கின்றனர். மறு சாராரோ, கபுரில் இருப்பவர் விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைக்கு நிகர் என்னும் தோரணையில் பேசி, மையவாடியில் ஸலாம் சொல்லும் முதியவரைக் கண்டு நகைக்கின்றனர். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பள்ளிக்கும் தம்பி வேறொரு பள்ளிக்கும் போகிறார்கள்.

யாஸீன் சூராவை அறியாத வீடு நம்மிடம் இல்லை. அதன் 26, 27-ஆம் வசனங்களில் சற்றே நின்று பொருள் பார்த்தவர் எத்தனை பேர்? இறைத்தூதர்களைப் பின்பற்றுங்கள் என்று தம் ஊராருக்கு எடுத்துச் சொல்ல, பட்டணத்தின் கோடியிலிருந்து ஓடி வந்தார் ஒரு மனிதர். ஹபீபுந் நஜ்ஜார் என்று தஃப்ஸீர்கள் அவருக்குப் பெயர் சொல்லும். சுவனத்தில் நுழையுமாறு அவருக்குக் கூறப்பட்டதும் அவர் ஆசைப்பட்டது என்ன? தம் இறைவன் தம்மை மன்னித்துக் கண்ணியப்படுத்தியதைத் தம் மக்கள் அறிய வேண்டுமே என்பதுதான். சுவனவாசியின் ஏக்கம், தம் செய்தி நம்மை எட்டவில்லையே என்பது. நாமோ, நம் செய்தி அவரை எட்டுகிறதா என்று சண்டையிட்டுக்கொண்டிருக்கிறோம்!

ஹிஜ்ரி 3-இல் உஹதில் ஷஹீதானோரின் செய்தியும் இத்தகையதே. நாங்கள் சுவனத்தில் உயிரோடு உணவளிக்கப்படுவதை எங்கள் சகோதரர்களுக்கு யார் அறிவிப்பார் என்று அவர்கள் வேண்ட, நானே அறிவிக்கிறேன் என்று அல்லாஹ் ஏற்றுக்கொண்டான் என அபூதாவூதில் வருகிறது. ஆலு இம்ரானின் வசனங்கள் அவ்வாறே இறங்கின. தங்களோடு இன்னும் வந்து சேராதவர்களைக் குறித்து அவர்கள் மகிழ்கிறார்கள் என்பதும் அங்கே இருக்கிறது. ஆகவே அவர்கள் எதையுமே அறியார் என்று சொல்ல எவருக்கும் துணிவு வரக் கூடாது. அறிவிக்கப்படுவதை அறிகிறார்கள் என்க.

நஸாயீயில் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீது இதனை இன்னும் தெளிவாக்கும். புதிதாக வந்து சேரும் முஃமினின் ரூஹை முன்சென்றோரின் அர்வாஹ்கள் மகிழ்ச்சியோடு சூழ்ந்துகொண்டு, இன்னார் என்ன ஆனார், இன்னார் என்ன ஆனார் என்று விசாரிக்கின்றன. அவர்களுள் ஒருவர் முன்பே மவ்த்தாகிவிட்டார் என்பது கூட, வந்தவர் சொல்லித்தான் தெரிகிறது. நம் வீட்டு முற்றத்தை அல்லும் பகலும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இப்படி விசாரிப்பார்களா?

கேட்பது என்பது வேறு. பத்ரில் கொல்லப்பட்ட குறைஷித் தலைவர்கள் 24 பேரைப் பாழ்கிணற்றில் இட்ட பின் பெருமானார் (ஸல்) அவர்களை விளித்துப் பேசினார்கள். உயிரற்ற உடல்களோடா பேசுகிறீர்கள் என்று உமர் (ரலி) வினவ, இவர்களை விட நீங்கள் நன்றாகக் கேட்பவர்கள் அல்லர் என்று பதில் வந்தது. அன்னை ஆயிஷா (ரலி) அதனை ஏற்கவில்லை. மரித்தோரைக் கேட்கச் செய்ய முடியாது என்னும் திருமறை வசனத்தைக் காட்டி, அவர்கள் உண்மையை இப்போது அறிந்துகொண்டார்கள் என்றே நபியவர்கள் கூறியதாக விளக்கினார்கள். அந்த நேரத்தில் அல்லாஹ் அவர்களைக் கேட்கச் செய்தான் என்பது கத்தாதாவின் கருத்து. இத்தனை கருத்து வேற்றுமைக்கும் எவரும் எவரையும் முஷ்ரிக் என்று ஏசவில்லை. ஸலாமைப் பரிகசிக்கும் இளைஞர்கள், தாம் போற்றும் இமாம் இப்னு தைமிய்யாவின் மாணவர் இப்னுல் கய்யிம் (வஃபாத் ஹிஜ்ரி 751) எழுதிய கிதாபுர் ரூஹை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். ஜியாரத் செய்பவரை மய்யித் அறிவதாக அவர் அதில் எழுதுகிறார்.

மறு சாராரிடம் எனக்குள்ள வழக்கு இதனினும் பெரிது. 1570-இல் மறைந்த ஷாஹுல் ஹமீது நாயகத்தின் கந்தூரிக்குப் பெண்ணாடத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக நாகூருக்குப் போகிறார்கள். போகட்டும், ஜியாரத் ஆகிரத்தை நினைவூட்டும். ஆனால் அவ்லியாக்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு, வீட்டில் மய்யித் விழுந்ததும், அத்தா நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று ஆறுதல் சொல்லி, தன் கடமை முடிந்ததாக எண்ணிவிடுகிறது. முஃமினின் ரூஹ் கடன் தீரும் வரை தொங்கிக்கொண்டிருக்கும் என்னும் திர்மிதியின் ஹதீதை யார் நினைக்கிறார்கள்? இரண்டு தீனார் கடன்பட்டவரின் ஜனாஸாவைத் தொழுவிக்க நபியவர்கள் தயங்க, அபூகதாதா (ரலி) பொறுப்பேற்றார். மறுநாள் கேட்டால், நேற்றுத்தானே மவ்த்தானார் என்கிறார். அதற்கடுத்த நாள் கொடுத்துவிட்டதாகச் சொன்ன பிறகுதான், இப்போது அவருடைய தோல் குளிர்ந்தது என்றார்கள் நபியவர்கள். அவருக்காக அவரால் செய்துகொள்ள முடியாததை, உயிரோடிருந்த ஒருவர் செய்தார்.

நம் வழக்கமோ, சந்தூக்கின் பக்கத்தில் அழுதுகொண்டிருக்கும் விதவையிடம் மஹரை மன்னித்துவிட்டேன் என்று சொல்லச் சொல்வது. மஹர் கடன் அல்லாமல் வேறென்ன? அந்த வேளையில் எந்தப் பெண் மறுப்பாள்? நாற்பதாம் நாள் பிரியாணிக்குப் பணம் இருக்கிறது, மஹருக்கு இல்லை. கரும்புக் கொல்லை முழுவதும் ஆண்மக்கள் பெயருக்குப் பட்டா மாறுகிறது; நிஸா சூராவின் 11-ஆம் வசனம் மகளுக்கு விதித்த பங்கு கேட்பாரற்றுப் போகிறது. அத்தா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று மெய்யாகவே நம்புகிற மகன், அந்தப் பட்டாவில் கையெழுத்துப் போடும்போது யாரைப் பார்த்துக்கொண்டிருந்தான்?