பணம் கட்டி வாங்கும் வலது இருக்கை: எங்கள் நிலைப்பாடு

பயணிகளை ஏற்றிச் செல்லும் ஜெட் விமானத்தில் துணை விமானியாக உட்கார்ந்து அனுபவம் சேர்ப்பதற்காக இளம் விமானிகள் யாருக்கும் பணம் கட்டக் கூடாது. அந்தப் பணத்தை எந்த நிறுவனமும் எந்த ஏஜென்ட்டும் வாங்கக் கூடாது. பணியில் இருக்கும் விமானிகளும் ஓய்வுபெற்ற கேப்டன்களும் பறப்புப் பயிற்றுநர்களும் சேர்ந்த எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு இது. துணை விமானி அமரும் வலது இருக்கையில் இருப்பவர் ஊழியர். அவருக்குச் சம்பளம் தர வேண்டும்.

பிள்ளையை விமானியாக்க நினைக்கும் பெற்றோருக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறோம். இந்தியாவில் சி.பி.எல். எனப்படும் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த மணி நேரத்தில் பெரும்பகுதி செஸ்னா போன்ற சிறிய விமானங்களில் கழிகிறது. இதற்கே இன்று 50 லட்சம் ரூபாயை ஒட்டிச் செலவாகிறது. அடுத்தது டைப் ரேட்டிங்: ஏர்பஸ் 320, போயிங் 737 என ஏதாவது ஒரு ரகத்தை ஓட்டுவதற்கான தகுதி. பெரும்பாலும் சிமுலேட்டரில் நடக்கும் இந்தப் பயிற்சிக்குத் தனியாகப் பல லட்சம் ஆகிறது. மூன்றாவது கட்டம் லைன் டிரெய்னிங். பயணிகள் டிக்கெட் எடுத்து ஏறியிருக்கும் வழக்கமான பயணங்களில், பயிற்சி கேப்டனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பழகும் கட்டம் இது.

இந்த மூன்றாவது கட்டத்தைத்தான் 300 மணி, 500 மணி என்று பொட்டலம் கட்டி விற்கிறார்கள். இந்தோனேசியாவிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்த வியாபாரம் நடந்திருக்கிறது. நம் பிள்ளைகளையும் தேடி வருகிறது. அனுபவம் இல்லாமல் வேலை கிடைக்காது, வேலை கிடைக்காமல் அனுபவம் வராது என்ற முடிச்சில் சிக்கியவர்களிடம், நாங்கள் அவிழ்த்துத் தருகிறோம் என்கிறார்கள். நடப்பது என்ன? வாங்கிய மணிக்கணக்கு தீர்ந்ததும் அவர் இறங்கிக்கொள்ள, பணம் கட்டிய அடுத்தவர் ஏறுகிறார். சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டிய இடத்தில், பணம் வாங்கிக்கொண்டு ஆள் வைக்கிறது நிறுவனம். எந்த வேலைக்காக அந்த இளைஞர் அனுபவம் சேர்க்கிறாரோ, அந்த வேலையே இதனால் இல்லாமல் போகிறது.

எங்கள் எதிர்ப்புக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஒருவர் விமானத்தை ஓட்டும்போது மற்றவர் வேகம், உயரம், இறங்கும் கோணம் எல்லாவற்றையும் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும். தவறு தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும். வயதிலும் பதவியிலும் எவ்வளவு மூத்த கேப்டனாக இருந்தாலும் சொல்ல வேண்டும். 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். மேலதிகாரியை மறுத்துப் பேசுவதை ஒரு திறமையாகவே விமானிகளுக்குக் கற்றுத்தர வேண்டும் என்று உலகம் உணர்ந்ததற்கு அந்த விபத்து ஒரு முக்கியக் காரணம்.

நம் நாட்டில் 2010 மே 22 அன்று மங்களூரில் நடந்ததை எங்களில் யாராலும் மறக்க முடியவில்லை. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் அளவுக்கு மீறிய உயரத்தில் நெருங்கி, ஓடுபாதையின் பாதிக்கும் மேல் கடந்த பிறகே தரை தொட்டு, மேட்டுநிலத்தின் விளிம்பைத் தாண்டி விழுந்தது. 158 பேர் இறந்தார்கள். இறங்க வேண்டாம், மறுபடி மேலே எழும்பிச் சுற்றி வரலாம் என்று துணை விமானி மூன்று முறை சொல்லியும் கேப்டன் கேட்கவில்லை என்பது விசாரணை நீதிமன்றத்தின் முடிவு. அந்தத் துணை விமானி சம்பளம் வாங்கும் ஊழியர். 3,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். அவர் குரலே எடுபடவில்லை. அந்த இருக்கையில், வீட்டை அடகு வைத்துப் பணம் கட்டி, லாக்புக்கில் கேப்டனின் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் 22 வயதுப் பிள்ளையை வைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளை எத்தனை முறை வாய் திறக்கும்?

பயிற்சி கேப்டனுக்கும் இதே நெருக்கடிதான். இவர் இன்னும் தேறவில்லை என்று அவர் எழுதுவது ஊழியரைப் பற்றிய மதிப்பீடாக இருந்தால் நிர்வாகம் ஏற்கும். கட்டணம் செலுத்தியவரைப் பற்றி அப்படி எழுதினால், பணத்தைத் திருப்பிக் கேட்பார்களே என்ற கவலைதான் நிர்வாகத்துக்கு முதலில் வரும்.

கடன் சுமையையும் பாதுகாப்புப் பிரச்சினையாகவே நாங்கள் பார்க்கிறோம். 2015 மார்ச் 24 அன்று ஆல்ப்ஸ் மலையில் ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானியே வேண்டுமென்று மோதியதில் 150 பேர் இறந்தார்கள். அவர் பணம் கட்டி அந்த இருக்கைக்கு வந்தவர் அல்ல. அந்தக் கொடுமைக்குக் கடன்தான் காரணம் என்று சொல்வதும் தவறு; அவருக்குத் தீவிர மனநோய் இருந்தது. ஆனால், பறக்கும் தகுதி போனால் வருமானம் போய்விடும் என்ற பயமும் விமானிகள் நோயை மறைக்கக் காரணமாகிறது என்று பிரெஞ்சு விசாரணை அமைப்பு எழுதியிருக்கிறது. அவர் பயிற்சிக்காக சுமார் 41,000 யூரோ கடன் வாங்கியிருந்ததும் அந்த அறிக்கையில் இருக்கிறது. காய்ச்சலோ தூக்கமின்மையோ வந்தால் இன்று என்னால் பறக்க முடியாது என்று சொல்லும் துணிவு விமானிக்கு வேண்டும். ஒவ்வொரு மணி நேரத்தையும் காசு கொடுத்து வாங்கியவருக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வரும்?

அமெரிக்காவின் அனுபவத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஃபுளோரிடாவில் இயங்கிய கல்ஃப்ஸ்ட்ரீம் இன்டர்நேஷனல் நிறுவனத்தின் பயிற்சித் திட்டத்தில், பணம் கட்டியவர்கள் பயணிகள் விமானத்தின் வலது இருக்கையில் 250 மணி நேரம் பறந்தார்கள். 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே விழுந்து 50 உயிர்களைப் பறித்த கோல்கன் ஏர் விமானத்தின் கேப்டன், அந்தத் திட்டத்தில் பயின்று வந்தவர். விபத்துக்கு அதுவே காரணம் என்று விசாரணை சொல்லவில்லை. நாங்களும் சொல்ல மாட்டோம். ஆனால் அதன் பிறகுதான் விமானிகள் எப்படி உருவாகிறார்கள் என்று அந்த நாடு தோண்டிப் பார்த்தது. பொதுவாக 1,500 மணி நேரம் பறந்தவரே துணை விமானியாகலாம் என்ற விதி 2013-இல் நடைமுறைக்கு வந்தது. அந்த எண்ணிக்கையை அப்படியே இங்கே கொண்டுவரும்படி நாங்கள் கேட்கவில்லை.

மருத்துவமும் பொறியியலும் காசு கட்டித்தானே படிக்கிறார்கள், விமானி மட்டும் ஏன் கட்டக் கூடாது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கல்லூரியில் கட்டணம் கட்டிப் படித்த மருத்துவ மாணவர், ஹவுஸ் சர்ஜனாக வார்டுக்குள் வந்ததும் உதவித்தொகை வாங்குகிறார். பார்க்கும் நோயாளிக்கு இவ்வளவு என்று அவரிடம் யாரும் பணம் கேட்பதில்லை. சி.பி.எல். படிப்புக்குக் கட்டணம் வாங்குவதை நாங்களும் எதிர்க்கவில்லை.

டைப் ரேட்டிங் விஷயத்தில் எங்களுக்குள்ளேயே நீண்ட விவாதம் நடந்தது. சிமுலேட்டருக்குள் பயணிகள் இல்லை. அதனால் அதற்கான கட்டணத்தை ஒரேயடியாகத் தடை செய்யச் சொல்ல மாட்டோம். ஆனால் வேலை உத்தரவு கையில் இல்லாமல் சொந்தக் காசில் டைப் ரேட்டிங் எடுப்பது சூதாட்டம். போயிங் 737 தகுதியை வைத்துக்கொண்டு ஏர்பஸ்ஸில் ஏற முடியாது. பழக்கம் விட்டால் அந்தத் தகுதியைப் புதுப்பிக்க மறுபடி செலவாகும். கிங்ஃபிஷர் 2012-இலும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்திலும் பறப்பதை நிறுத்தின. நிறுவனம் மூடினாலும் வங்கிக் கடனின் தவணை நிற்காது.

வேறு வழி இருக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பல காலமாகத் தன் செலவில் பயிற்சி கொடுத்து, இத்தனை ஆண்டு வேலை செய்ய வேண்டும் என்று பாண்ட் எழுதி வாங்குகிறது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஒருவருக்கு ஒரு லட்சம் பவுண்டு வரை ஆகும் பயிற்சிச் செலவைத் தானே ஏற்கும் திட்டத்தை அறிவித்தது. 2023-இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. அத்தனை விமானம் வாங்கத் தெம்புள்ள துறைக்கு, அவற்றை ஓட்டப்போகிறவர்களைப் பழக்கும் செலவில் பங்கெடுக்கவும் தெம்பு இருக்க வேண்டும்.

ஆகவே இந்திய விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ.வை நாங்கள் கேட்பது இது: பயணிகள் இருக்கும் எந்தப் பயணத்திலும், அந்தப் பறப்பு நேரத்துக்காக நேரடியாகவோ ஏஜென்ட் வழியாகவோ பணம் கொடுத்தவர் பணிக்குழுவில் இருக்கக் கூடாது என்று விதி வர வேண்டும். வெளிநாட்டில் அப்படிச் சேர்த்த மணி நேரத்தை இங்கே அனுபவமாக ஏற்கக் கூடாது. விதி வருவதற்கு முன் பறந்தவர்களை இது பாதிக்கக் கூடாது. வழி தெரியாமல் பணம் கட்டியவர்கள் அவர்கள். அவர்கள்மேல் எங்களுக்கு வருத்தம் இல்லை. எங்களோடு சேர வரும் எவரையும் அதைக் காட்டி நிராகரிக்க மாட்டோம்.

எங்கள் உறுப்பினரான பயிற்சி கேப்டன்கள் யாரும் இனி இத்தகைய திட்டங்களில் பயிற்சி தர மாட்டார்கள். ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் அது முடிந்ததும் விலகுவார்கள். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: முன்பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். வேலை உறுதியா? சம்பளம் எந்த மாதத்திலிருந்து? இடையில் நிறுவனம் மூடினால் கட்டிய பணத்தில் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும்? ஒப்பந்தக் காகிதத்தில் கையெழுத்திடுமுன் அதை எங்களிடம் கொண்டு வந்தால், படித்துப் பார்த்து விளக்கிச் சொல்ல எங்கள் மூத்த கேப்டன்கள் தயாராக இருக்கிறார்கள். அதற்குக் கட்டணம் இல்லை.