சாளரம் எங்கே திறக்க வேண்டும்?

சென்னீர்குப்பத்தில் ஓர் எடைமேடை. கணினி ஒன்று, திரை இரண்டு. இடப்பக்கம் எடை நிரல், வலப்பக்கம் லாரியைக் காட்டும் கேமரா. வலப்பக்கத் திரை பழுதான மறுநாள் கேமரா நிரலைத் திறந்தால் பணிப்பட்டையில் பெயர் இருக்கிறது, சாளரத்தைக் காணோம். பழைய இடத்தை நினைவில் வைத்திருந்த நிரல், இல்லாத திரையில் போய்த் திறந்திருக்கிறது. ஆல்ட்–ஸ்பேஸ், பிறகு எம், பிறகு அம்புக்குறி என்று நாம் இழுத்து வந்துவிடுவோம். வாசலில் லாரிகள் ஹாரன் அடிக்க, எடை போடுகிறவர் என்ன செய்வார்?

நிரலே தன் சாளரத்துக்கு இடம் பிடிக்கலாமா என்பது பழைய வழக்கு. லினக்ஸ் டெஸ்க்டாப்புகளின் பழைய சாளர அமைப்பான, 1987இல் வந்த எக்ஸ்11 அதற்கு இடம் கொடுத்தது. ஆனால் அதன் மரபு விதிகளிலேயே, இடத்தைச் சொன்னது பயனரா நிரலா என்று பிரித்துக் காட்ட இரண்டு தனிக் கொடிகள் உண்டு. பயனர் சொன்னால், சாளரங்களைத் திரையில் அடுக்கும் சாளர மேலாளர் பணிய வேண்டும். நிரல் சொன்னால் யோசிக்கலாம். நிரல் எழுதும் நம் ஆட்கள் பலர் என்ன செய்தார்கள்? தங்கள் விருப்பத்துக்குப் பயனரின் கொடியை ஏற்றினார்கள்.

எக்ஸ்11க்கு மாற்றாக 2008இல் தொடங்கிய வேலாண்ட் அந்தக் கதவையே அடைத்துவிட்டது. அதில் சாதாரணச் சாளரத்துக்குத் தான் திரையில் எங்கே நிற்கிறோம் என்பதே தெரியாது. 2019இல் டெபியன் 10 லினக்ஸ், க்னோம் டெஸ்க்டாப்புக்கு வேலாண்டை இயல்பாக்கியது. நம் சென்னை சி-டாக்கின் பாஸ் லினக்ஸுக்கும் அடித்தளம் டெபியன்தான். க்னோம் 49 எக்ஸ்11 அமர்வை இயல்பிலேயே முடக்கியிருக்கிறது. இனி இது வேறு யாருடைய சண்டையோ அல்ல.

நாம் வேலாண்ட் பக்கம்தான். பிரவுசிங் சென்டர் காலத்தில், மூடப் போனால் நழுவி ஓடிய விளம்பரச் சாளரங்களை மறந்திருக்க மாட்டீர்கள். உலாவிகள் அந்த உரிமையைப் பிடுங்கியபோது யாரும் அழவில்லை.

ஆனால் உரிமையைப் பிடுங்குபவர் பொறுப்பையும் ஏற்க வேண்டும். அதே எடைமேடையில், இரண்டு திரையும் நன்றாக இருக்கும்போதே, கேமரா தினமும் எடை நிரலின் மேல் திறந்தால் அது என்ன முன்னேற்றம்? கேடிஈ டெஸ்க்டாப்பின் சாளர விதிகளால் பயனரே இடத்தைக் கட்டிப்போடலாம். எந்தத் திரையை நிரப்ப வேண்டும் என்று முழுத்திரைச் சாளரம் கோரவும் வேலாண்டில் வழி இருக்கிறது. கேமராவுக்கு அது போதும். பல சாளரங்களை விரித்து வேலை செய்யும் வரைபட நிரல்களுக்குப் போதாது. நேற்று விட்ட இடத்தை மேலாளரே நினைவில் வைத்துத் திருப்பித் தரும் வசதி எல்லா டெஸ்க்டாப்பிலும் வந்தாக வேண்டும். அது வராமல் எக்ஸ்11ஐ அணைப்பது அவசரம் என்பதே நம் கருத்து.

நிரல் எழுதும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இது எந்தச் சாளரம், எதன் துணைச் சாளரம் என்பதை மட்டும் மேலாளரிடம் சொல்லுங்கள். இடத்தைச் சேமித்தே தீர வேண்டுமென்றால், திறக்கும் முன் அந்த இடத்தில் திரை இருக்கிறதா என்று பாருங்கள். வாடிக்கையாளரிடம் ஒப்படைப்பதற்கு முன், இரண்டாம் திரையின் கேபிளை ஒருமுறை பிடுங்கிவிட்டு நிரலைத் திறந்து பாருங்கள்.