கம்போடியாவா, தாராவியா? கல்லூரி அட்மிஷனுக்கு எந்த வாலண்டியரிங் உதவும்?

செம்பூரில் இருக்கும் உங்க அக்கா மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் படிக்க ஆசை. "ரெண்டு வாரம் கம்போடியா போய்க் குழந்தைகளுக்குப் பாடம் எடுத்தா அப்ளிகேஷன் ஸ்ட்ராங்கா இருக்கும்"னு யாரோ சொல்லியிருக்காங்க. டிக்கெட், கட்டணம் எல்லாம் சேர்த்தால் பெரிய தொகை. போகலாமா?

இந்தியக் கல்லூரிகளில் இது கணக்கில் வருமா?

பெரும்பாலும் வராது. பொறியியலுக்கு ஜேஇஇ, மருத்துவத்துக்கு நீட், மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புகளுக்கு 2022 முதல் சியுஇடி. மதிப்பெண்தான் பேசும். வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கும், அசோகா போன்ற சில தனியார் பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பித்தால்தான் இந்தப் பேச்சே.

அமெரிக்கக் கல்லூரிகள் எதைப் பார்க்கின்றன?

அங்கே பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பம் 'காமன் ஆப்'. அதில் அதிகபட்சம் 10 செயல்பாடுகளைக் குறிப்பிடலாம். ஒவ்வொன்றையும் 150 எழுத்துருக்களுக்குள் விவரிக்க வேண்டும். கூடவே இரண்டு எண்கள்: வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருடத்துக்கு எத்தனை வாரம்.

கணக்குப் போட்டுப் பாருங்க. கம்போடியாவில் வாரம் 40 மணி நேரம், 2 வாரம்: மொத்தம் 80 மணி நேரம். தாராவியில் சனிக்கிழமைதோறும் 2 மணி நேரம், வருடத்துக்கு 40 வாரம், இரண்டு வருடம்: 160 மணி நேரம். செலவு பஸ் டிக்கெட் மட்டும்தான்.

ஹார்வர்டு கல்வியியல் பள்ளியின் ஒரு திட்டம் 2016-ல் வெளியிட்ட 'டர்னிங் த டைட்' அறிக்கையும் இதையே வலியுறுத்தியது: சேவை குறைந்தது ஓராண்டு தொடர வேண்டும்.

தூரம் போவதில் என்ன சிக்கல்?

இரண்டு வாரத்தில் கிளம்பிவிடும் ஆசிரியரால் குழந்தைக்கு என்ன லாபம்? அனாதை இல்லங்களைச் சுற்றி வளர்ந்த சுற்றுலா, குழந்தைகளைச் சுரண்டலுக்கு ஆளாக்கலாம் என்று 2019-ல் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமே எச்சரித்தது. மொழியும் தெரியாது. தாராவியில் அப்படி இல்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் இடம் அது. ஒரு பாட்டிக்கு வங்கிப் படிவம் நிரப்பித் தர, சயான் மருத்துவமனையில் மராத்தியில் சொல்வதைத் தமிழில் விளக்க உங்க அக்கா மகளால் முடியும்.

அப்போ தாராவி போனாலே போதுமா?

போதாது. ஒரு ஞாயிறு போய், நோட்டுப் புத்தகம் கொடுத்து, குழந்தைகளோடு செல்ஃபி எடுத்துத் திரும்பினால் அதுவும் சுற்றுலாதான். மாட்டுங்காவிலிருந்து நடந்தே போயிருந்தாலும் சரி.

தாராவியிலேயே வளரும் மாணவர் என்ன செய்வது?

இதைப் பலரும் சொல்வதில்லை. தம்பியைப் பார்த்துக்கொள்வது, அப்பாவின் இட்லிக் கடையில் மாலை நேரம் நிற்பது எல்லாம் காமன் ஆப்பில் எழுதக்கூடியவையே. 'குடும்பப் பொறுப்புகள்' என்று தனி வகையே இருக்கிறது. 2016 அறிக்கையும் இவற்றுக்கு உரிய மதிப்பு தரச் சொன்னது. பணம் இல்லாததால் 'சேவை' செய்யவில்லை என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு முதலில் போய்ச்சேர வேண்டிய தகவல் இதுதான்.

முடிவெடுக்கும் முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்:

1. இந்த வேலை வேண்டும் என்று அங்கே இருப்பவர்கள் கேட்டார்களா?
2. ஒரு வருடமாவது விடாமல் போக முடியுமா?
3. அட்மிஷன் கிடைத்த பிறகு அந்த வேலையை யார் தொடர்வார்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் இருந்தால், தைரியமாக ஆரம்பிக்கச் சொல்லுங்க.