தாராவிப் பாட்டும் கிங்ஸ் சர்க்கிள் அரங்கும்



ஞாயிற்றுக்கிழமை மாலையில் கிங்ஸ் சர்க்கிளில் நின்று பார்த்திருப்பீர்கள். பூக்கடையில் மல்லிகை மணக்கும். காபிக் கடை வாசலில் இடம் கிடைக்கக் காத்துக் கூட்டம் நிற்கும். சரிகை வேட்டியும் பட்டுப் புடவையுமாகப் பெரியவர்கள் சண்முகானந்தா அரங்கை நோக்கி நடந்துகொண்டிருப்பார்கள். அங்கிருந்து சயான் பக்கம் தண்டவாளத்தைத் தாண்டினால் தாராவி. அதே மாலையில் அங்கே ஏதாவது ஒரு சந்தில் தப்பு முழங்கிக்கொண்டிருக்கும். இரண்டும் தமிழர் இசை. இரண்டும் ஊரை விட்டு வந்தவர்கள் தம்முடன் கொண்டு வந்த இசை. ஆயினும் ஒன்று மற்றொன்றின் காதில் விழுந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆர்க்கெஸ்ட்ரா என்னும் பெரிய வாத்தியக் குழுக்கள் இப்போது புலம்பெயர்ந்தோரின் கதையை இசையில் சொல்ல முன்வந்திருக்கின்றன. போரினால் நாடிழந்த சிரியா நாட்டுக் கலைஞர்கள் 2015இல் ஜெர்மனியின் பிரேமன் நகரில் தமக்கென்று ஒரு குழுவை அமைத்தனர். நியூயார்க்கின் கார்னகி அரங்கு 2019இல் அமெரிக்காவில் குடியேறியவர்களின் இசைக்கென்றே ஒரு விழா எடுத்தது. சில இடங்களில் இம்முயற்சியில் கல்லூரிகளும் சேர்ந்துகொள்கின்றன. நம் மன்றத்தில் இந்தப் பேச்சு எழுந்தபோது, “நம்ம ஊரில் இதெல்லாம் நடக்கிற காரியமா?” என்றார் ஒரு நண்பர்.

நடந்திருக்கிறது, ஐயா! இதே பம்பாயில், 1958இல்.

கோவாவின் மஜோர்டா கிராமத்தில் பிறந்து, 1940களில் பிழைப்புத் தேடி இங்கு வந்த வயலின் கலைஞர் ஆந்தனி கொன்சால்வெஸ். சினிமாப் பாட்டுகளுக்கு வாத்தியப் பகுதிகளை எழுதிக் கொடுத்தவர். பியாரேலாலுக்கும் ஆர். டி. பர்மனுக்கும் வயலின் சொல்லித் தந்தவர். ‘அமர் அக்பர் ஆந்தனி’ படத்துப் பாட்டில் வரும் பெயர் இந்த ஆசிரியருக்குச் செய்த மரியாதைதான். அவர் இந்தியன் சிம்பனி ஆர்க்கெஸ்ட்ரா என்றொரு குழுவைத் திரட்டி, செயின்ட் சேவியர் கல்லூரி முற்றத்தில் லதா மங்கேஷ்கரையும் மன்னா டேயையும் பாட வைத்தார். மேல்நாட்டு வாத்தியங்களுக்கு நம் ராகங்களை எழுதினார். அந்நாளைய சினிமா வாத்தியக் குழுக்களில் கோவாக்காரர் ஏராளம். பலருடைய பெயர் திரையில் வந்ததே இல்லை. பெயர் வராதவர்களுக்கு ஒரு கல்லூரி முற்றம் மேடையாயிற்று. நான் பேச வருவது இத்தகைய முற்றத்தைப் பற்றியே.

மாட்டுங்காவுக்கு முதலில் வந்த தமிழர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். தஞ்சையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹாண்டும் கற்றுக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். ஆபீசில் பகலெல்லாம் தட்டிவிட்டு, மாலையில் பஜனைக்கு ஜால்ரா தட்டினார்கள். 1952இல் சண்முகானந்த சபையைத் தொடங்கி, 1963இல் ஆசியாவே வியக்கும் ஓர் அரங்கைத் திறந்தார்கள். 1990இல் அது தீக்கிரையானபோதும் விடவில்லை. 1998இல் மீண்டும் திறந்தார்கள். வந்த ஊரில் வேர் விடுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமோ?

ஆனால் திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடவும் மூட்டை சுமக்கவும் வந்தவர்களும் பாட்டோடுதான் வந்தார்கள். என் தாத்தா அவர்களில் ஒருவர். அவர்களுக்கு அரங்கு எழவில்லை. காரணம் பணம் மட்டுமா? ஊரில் தெரு பிரிந்திருந்தது போலவே இங்கும் பிரிந்தது. சாதியும் ரயிலேறித்தான் வந்தது.

இந்த வட்டாரத்துக் கல்லூரி ஒன்றின் கலைவிழாவில் தப்பாட்டம் வைக்கலாம் என்று சென்ற ஆண்டு நானும் சில நண்பர்களும் கேட்டோம். கல்லூரியின் பெயர் வேண்டாம். தப்பின் தோலை நெருப்பில் காய்ச்சிச் சுருதி ஏற்ற வேண்டும் என்றோம். “நெருப்பா? கூடவே கூடாது” என்றார்கள். அது நியாயம், வெளியே காய்ச்சிக்கொண்டு வருகிறோம் என்றோம். “சத்தம் அதிகம்” என்றார்கள். அன்று மாலை அதே மேடையில் நான்கு ஒலிபெருக்கி வைத்து டிரம்ஸ் அடித்தது பக்கத்துக் கட்டடத்தின் கண்ணாடியையே ஆட்டிற்று!

சினிமாவுக்கு இந்தக் கூச்சம் இல்லை. 2018இல் வந்த ‘காலா’ படத்தில் சந்தோஷ் நாராயணன், தாராவியின் ‘டோபடெலிக்ஸ்’ குழுவைப் பாட வைத்தார். அதே ஆண்டு சென்னையில் ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு கானாவையும் பறையையும் மேடையேற்றியது. கல்லூரி மட்டும் ஏன் பின்தங்க வேண்டும்? சபை மேடையில் வீற்றிருக்கும் வயலினே குடிபெயர்ந்து வந்த வாத்தியந்தானே! பாலுசாமி தீட்சிதர் காலத்தில் ஐரோப்பியரிடமிருந்து நம் சங்கீதத்துக்குள் வந்தது. இன்று அதை அந்நியம் என்று யார் சொல்வார்?

இனி என் ஆச்சியின் கதைக்கு வருகிறேன். என் அப்பா சிறுபிள்ளையாய் இருந்தபோது, ஆச்சியின் தாயார் ஊரில் இறந்துவிட்டார். தந்தி வந்தது. ரயிலில் இரண்டு இரவு ஆகும். கையில் பணமும் இல்லை. தாராவிச் சந்தில், பிணமில்லாமலே பெண்கள் கூடி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்களாம். ஊர் ஒப்பாரியில் ஆற்றையும் தோப்பையும் சொல்லி அழுவது வழக்கம். ஆச்சியோ தாயை விட்டு வந்த வழியைச் சொல்லி அழுதிருக்கிறார். அரக்கோணம், குண்டக்கல், ராய்ச்சூர், சோலாப்பூர் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக அந்த அழுகை நீண்டிருக்கிறது. புலம்பெயர்வை இசையில் ஆராய வருகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

“ஆச்சி, அதை ஒருநாள் மேடையில் பாடுவீங்களா?” என்று கேட்டேன்.

“ஏல, அது பாட்டா? அழுகையில்லா! செத்தவளைக் கொண்டா, பாடுதேன்” என்றார்.

அன்று வாயடைத்துப் போனேன். ஆர்வத்தோடு வருகிற வாத்தியக் குழுவும் கல்லூரியும் இதே இடத்தில்தான் தவறக்கூடும். பாட்டைப் பதிவு செய்துகொண்டு போய், நாற்பது வயலினுக்கு எழுதி, ஆச்சியை முன்வரிசையில் உட்கார வைத்துக் கைதட்டச் சொன்னால் அது கொள்ளை. முதலில் அவர்கள் வந்து உட்கார வேண்டும். ஒருநாள் இரண்டுநாள் அல்ல, ஒரு பருவம் முழுதும். எதை வெளியே கொடுக்கலாம், எதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பதைப் பாடுகிறவர்களே சொல்ல வேண்டும். தப்படிப்பவருக்கும் வயலின்காரருக்கும் சன்மானம் ஒன்றாக இருக்க வேண்டும். நிகழ்ச்சித் தாளில் அவர் பெயரும் அதே எழுத்தில் வர வேண்டும். இதற்கு ஒப்பாத குழு எவ்வளவு புகழ் பெற்றதானாலும் நமக்கு வேண்டாம் என்பதே என் கட்சி.

காலம் அதிகமில்லை. தாராவியை இடித்துக் கட்டும் திட்டம் தொடங்கிவிட்டது. 2000ஆம் ஆண்டுக்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததைக் காட்ட முடிந்தவர்களுக்கு அங்கேயே வீடு, மற்றவர்க்கு நகரின் வேறு பகுதிகளில் என்கிறார்கள். மாடிக்கு மாடி, பேட்டைக்குப் பேட்டை பிரிந்த பின் ஒப்பாரிக்குக் கூடி உட்காரச் சந்து ஏது?

ஆகவே பெரிய குழு வரும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நம்மில் தாராவியிலிருந்து வருகிறவர்கள் இருக்கிறோம். மாட்டுங்காவில் சங்கீதம் பயில்கிறவர்களும் இருக்கிறார்கள். மிருதங்கம் படிக்கும் நண்பர் ஒருவரைச் சென்ற வாரம் வீட்டுக்கு அழைத்துப் போனேன். அவர் திண்ணைப் பலகையில் தாளம் தட்டிக் காட்டினார். ஆச்சி பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “கை நல்லா இருக்கு. எங்க நடவுப் பாட்டுக்கு இவ்வளவு வேகம் ஆகாது, தம்பி” என்று சொல்லி, தாமே தட்டிக் காட்டினார். அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறார். வர விரும்புகிறவர்கள் சனிக்கிழமைக்குள் என்னிடம் சொல்லுங்கள். வீடு சிறியது, நான்கு பேருக்கு மேல் உட்கார இடமில்லை.